எடுத்த படங்களும் எடுக்காமல் விட்ட படமும்

2022 ஜூன் மாதம், பள்ளி திறந்த இரண்டாம் நாள், ஸ்கூட்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்தபோது, காரைக்குடியில் எங்கள் தெருமுனையில் வீடு கட்டுகிறவர்கள் கொட்டிவைத்திருந்த எம்-சாண்டில் சறுக்கி, இடுப்பு தரையில் அடிக்க விழுந்தேன். முழங்காலில் சிராய்ப்பைத் தவிர வெளியே எதுவும் தெரியவில்லை. மறுநாள் காலையில் குனிய முடியவில்லை. எலும்பு மருத்துவர் கீழ்முதுகுக்கு நேராக ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாக இரண்டு எக்ஸ்ரே எழுதிக்கொடுத்தார். எக்ஸ்ரே அறைக் கதவில், கர்ப்பமாக இருந்தால் முன்பே சொல்லும்படி ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. உள்ளே இருந்த பெண், “நாள் எதுவும் தள்ளிப்போயிருக்கிறதா மேடம்?” என்று கேட்டார். இல்லை என்றேன். அது பொய் அல்ல; மாதவிலக்கு வர இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஆனால் நானும் கணவரும் நான்கு ஆண்டுகளாகக் குழந்தைக்குக் காத்திருப்பவர்கள் என்பதையும், இந்த மாதமும் வாய்ப்பு உண்டு என்பதையும் நான் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

பதினோரு நாள் கழித்துக் கார்டு டெஸ்டில் இரண்டு கோடு விழுந்தது. அந்த மகிழ்ச்சி ஒரு மாலைப் பொழுது நீடித்தது. இரவு படுத்த பிறகுதான் எக்ஸ்ரே நினைவுக்கு வந்தது.

அடுத்த நாள் நாங்கள் பார்த்த மருத்துவர் எக்ஸ்ரே படத்தைக் கையில் வாங்கக்கூட இல்லை. எந்தப் பகுதிக்கு எடுத்தது, எத்தனை படம், மாதவிலக்குக்குப் பின் எத்தனையாவது நாள் என்று எதையும் கேட்கவும் இல்லை. எக்ஸ்ரே பட்ட கரு ஊனமாகப் பிறக்கலாம், இப்போதே கலைத்துவிட்டால் உடம்புக்குச் சிரமம் இல்லை, உங்களுக்கு என்ன வயதா போய்விட்டது என்று சொல்லி மாத்திரை எழுதினார். வீட்டில் ஆளுக்கொரு கருத்து இருந்தது. அத்தை அழுதார்கள், என் அப்பா, பெரிய டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார். என் கணவர் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், மருந்துக் கடைக்குப் போகவில்லை. இன்னொருவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்றார். அவர் அன்றைக்கு அவ்வளவுதான் பேசினார்.

மதுரையில் நாங்கள் போய்ப் பார்த்த மகப்பேறு மருத்துவர், முதல் மருத்துவர் கேட்காத மூன்று கேள்விகளையும் கேட்டு, பதில்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, எக்ஸ்ரே படத்துடன் எங்களை அதே மருத்துவமனையின் கதிரியக்க மருத்துவரிடம் அனுப்பினார். வயதானவர். படத்தை விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்துவிட்டு, “முதுகெலும்பு நன்றாக இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்” என்றார். அந்தப் பதினைந்து நாளில் முதுகைப் பற்றி எங்களிடம் பேசியவர் அவர் ஒருவர்தான்.

பிறகு கணக்குச் சொன்னார். கரு ஏற்கும் கதிரின் அளவை மில்லிகிரே என்னும் அலகால் குறிக்கிறார்கள். நெஞ்சுக்கு எடுக்கும் ஓர் எக்ஸ்ரேயால் கருவுக்குச் சேர்வது 0.01 மில்லிகிரேயைத் தாண்டுவதில்லை, ஏனென்றால் கதிர் விழும் இடம் கருப்பைக்கு வெகு மேலே இருக்கிறது. கீழ்முதுகு எக்ஸ்ரேயில் கருப்பை கதிரின் பாதையிலேயே கிடப்பதால் அந்த அளவு 1 முதல் 10 வரை போகலாம். இடுப்புக்கூட்டுப் பகுதிக்கு எடுக்கும் சிடி ஸ்கேனில் 10 முதல் 50 வரை ஆகலாம். எதுவுமே எடுக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும், மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் வரும் இயற்கைக் கதிரால் ஒன்பது மாதத்தில் கருவுக்கு ஏறத்தாழ 0.5 முதல் 1 மில்லிகிரே சேர்ந்துவிடும். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கொல்லத்துக் கடற்கரையிலும் மணலில் தோரியம் கலந்திருப்பதால் அது இன்னும் பல மடங்கு. கேரளக் கரையில் ஆண்டுக்கணக்காகப் பிறந்த குழந்தைகளைப் பரிசோதித்துப் பார்த்த ஆய்வுகளில்கூடப் பிறவிக் குறைபாடு கூடுதலாக இருப்பதாகத் தெரியவரவில்லை. 50 மில்லிகிரேக்குக் கீழே கருச்சிதைவோ பிறவிக் குறைபாடோ அதிகமாவதாகக் காணப்படவில்லை. 100க்குக் கீழே உள்ள கதிரைக் காரணம் காட்டிக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை என்று பன்னாட்டுக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 2000ஆம் ஆண்டிலேயே சொல்லியிருக்கிறது. எனக்கு எடுத்த இரண்டு படத்துக்கும் சேர்த்து 3 மில்லிகிரேயை ஒட்டி இருக்கும், எவ்வளவு தாராளமாகக் கூட்டிப்போட்டாலும் 10ஐத் தாண்டாது என்றார்.

நாள் கணக்கும் எங்களுக்குச் சாதகமாகவே இருந்தது. எக்ஸ்ரே எடுத்தது மாதவிலக்குக்குப் பின் 27ஆம் நாள். அதாவது கரு உண்டாகிப் பன்னிரண்டு, பதின்மூன்று நாள்தான் ஆகியிருக்கும். கரு உண்டான முதல் இரண்டு வாரத்தில் பெரிய அளவுக் கதிர் பட்டால் கரு தங்காமல் போகும். தங்கிவிட்டால் ஊனம் இல்லாமல் வளரும். உறுப்புகள் உருவாவது அதற்குப் பின்னால். மூளை வளர்ச்சியைப் பொறுத்தவரை அதிகம் கவனிக்க வேண்டிய காலம் 8 முதல் 15 வாரம் வரை, அந்தப் பாதிப்பு தோன்றுவதற்கும் 60 மில்லிகிரேக்கு மேல் வேண்டும். ஆபத்தே இல்லை என்று அவர் மழுப்பவும் இல்லை. 3000 குழந்தைகளில் ஒருவருக்கு இயல்பாகவே வரக்கூடிய ரத்தப் புற்றுநோய், 10 முதல் 20 மில்லிகிரே ஏற்ற கருவில் ஒன்றரை அல்லது இரண்டு மடங்காகலாம் என்பதையும் சொன்னார். இரண்டு மடங்கு என்று கேட்டதும் என் கணவரின் முகம் மாறியதைப் பார்த்து, “3000 பேரில் இரண்டு பேர். மீதி 2998 பேரை விட்டுவிடாதீர்கள்” என்றார். அந்தப் பதில் இன்றுவரை எனக்கு உதவுகிறது.

காரீயக் கவசம் கட்டாமல் படம் எடுத்தார்களே என்று நான் குறைபட்டுக்கொண்டேன். கீழ்முதுகுப் படத்தில் கவசத்தை அங்கே போட்டால் பார்க்க வேண்டிய எலும்பே மறைந்துவிடும்; நெஞ்சுப் படத்தில் கருப்பைக்கு வந்து சேரும் சிறு அளவும் உடம்புக்குள்ளேயே சிதறி வருவது, வெளியே கட்டும் கவசத்தால் அதைத் தடுக்க முடியாது என்று விளக்கினார். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019இல், நோயாளிகளுக்கு வழக்கமாகக் கவசம் கட்டுவதை நிறுத்திவிடலாம் என்றே அறிவித்திருக்கிறதாம். இருந்தாலும் நோயாளியின் மன நிம்மதிக்காகக் கேட்டால் கட்டிவிடுவோம் என்று சிரித்தார்.

அன்று எங்களுக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம் என்றே நினைக்கிறேன். 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்த பிறகு கிரேக்க நாட்டில், கருவுக்கு 1 மில்லிகிரே அளவுக்குக்கூடக் கதிர் போய்ச் சேராத நிலையில், மருத்துவர்களின் தவறான அறிவுரையாலும் அச்சத்தாலும் ஏறக்குறைய 2500 பெண்கள் தாங்கள் விரும்பிச் சுமந்த கருவைக் கலைத்துக்கொண்டார்கள் என்று மறு ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டிருப்பதைப் பிற்பாடு படித்தேன். அவர்களில் பலருக்கு வீட்டில் ஒரு சீட்டு மடித்துப் பையில் வைக்கப்பட்டிருக்காது.

இதற்குப் பிறகு வழக்கமான ஸ்கேன்கள். 12ஆம் வாரத்தில் கருவின் பின்கழுத்து நீரை அளக்கும் என்டி ஸ்கேன், 20ஆம் வாரத்தில் உறுப்புகளில் குறை உண்டா என்று பார்க்கும் அனாமலி ஸ்கேன். அத்தைக்கு இதிலும் கவலை. “ஒரு எக்ஸ்ரேக்கே இந்தப் பாடு; இவர்கள் மாதத்துக்கு ஒரு ஸ்கேன் எடுக்கிறார்களே” என்பார்கள். இரண்டையும் ஒரே பெயரில் ‘படம்’ என்று சொல்லிப் பழகிவிட்டதால் வரும் குழப்பம் இது. வயிற்றில் ஜெல் தடவி எடுக்கும் ஸ்கேனில் கதிர் இல்லை, ஒலி மட்டுமே. 1950களில் ஆக்ஸ்ஃபோர்டில் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற மருத்துவர், புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் தாய்மார்களைத் தேடிப்பிடித்து விசாரித்து, கர்ப்பத்தில் வயிற்றுக்கு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர்கள், நலமாக இருந்த குழந்தைகளின் தாய்மார்களைவிட, அவர்களில் ஏறக்குறைய இரு மடங்கு இருப்பதைக் கண்டார். அந்தக் காலத்தில் குழந்தையின் கிடையைப் பார்ப்பதற்கும் இடுப்பெலும்பின் அளவை அறிவதற்கும் எக்ஸ்ரேதான் எடுத்தார்கள். ஏறக்குறைய அதே ஆண்டுகளில், 1958இல், கிளாஸ்கோவில் இயன் டொனால்டு என்ற மகப்பேறு மருத்துவர், உலோகத்தில் விரிசல் பார்க்கும் கருவியின் ஒலியலையைக் கொண்டு வயிற்றுக்குள் பார்த்த முடிவுகளை வெளியிட்டார். நம் ஊர் ஸ்கேன் அறைகளில் இருப்பவை அந்தக் கருவியின் பேரப்பிள்ளைகள். அத்தையிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. “இது வவ்வால் பார்க்கிற மாதிரி, சத்தத்தால் பார்ப்பது” என்று சொன்னதும் சமாதானமானார்கள்.

ஒலியும் உடம்புக்குள் போனால் சிறிது சூட்டை உண்டாக்கும் என்பதையும், அதனால் தொடக்க வாரங்களில், ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன் முறையான டாப்ளரைத் தேவையில்லாமல் நீட்டிக்க மாட்டார்கள் என்பதையும் என்டி ஸ்கேன் எடுத்த மருத்துவர் சொன்னார். திரையின் ஓரத்தில் டிஐ, எம்ஐ என்று இரண்டு எண்கள் ஓடிக்கொண்டிருப்பதைக் காட்டினார். முதலாவது சூட்டையும் இரண்டாவது அதிர்வின் தாக்கத்தையும் குறிப்பவை, இரண்டையும் தாழ்வாக வைத்துக்கொண்டுதான் பார்க்கிறோம் என்றார். ஆகவே மருத்துவக் காரணம் இருந்தால் தயங்க வேண்டாம், குழந்தையின் முகத்தை வீடியோ எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகப் போய்ப் படுக்கவும் வேண்டாம்.

இனி, டிசம்பருக்கு வருகிறேன்.

வளைகாப்பு முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது, 28ஆம் வாரம். ஒரு நள்ளிரவில் வலது விலாவுக்குக் கீழே தொடங்கி அடிவயிறு வரை இழுத்துப் பிடிக்கும் வலி. இரண்டு முறை வாந்தி. பொய் வலியோ பிரசவ வலியோ என்று பதறி மதுரைக்கு விரைந்தோம். குழந்தைக்கு எந்தக் கோளாறும் இல்லை, கருப்பை இறுகவில்லை என்று உறுதிசெய்துகொண்ட மருத்துவர், சிறுநீரகக் கல்லாக இருக்கலாம், குடல்வால் அழற்சியாகவும் இருக்கலாம் என்றார். கர்ப்பத்தில் கருப்பை பெரிதாகப் பெரிதாகக் குடல்வால் மேலே தள்ளப்படுவதால், அதன் வலி வழக்கமான இடத்தில் வராமல் விலாப்பக்கம் வரலாமாம். ஆக, வலி இருக்கும் இடத்தை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது.

கர்ப்பம் இல்லாதவர்களுக்கு இந்த வலி வந்தால், எங்கள் ஊரில் கண்ணை மூடிக்கொண்டு சிடி கேயூபி, அதாவது சிறுநீரகம் முதல் சிறுநீர்ப்பை வரை பார்க்கும் சிடி ஸ்கேன், எழுதிவிடுவார்கள். ஐந்து நிமிடத்தில் கல் எங்கே, எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிந்துவிடும். எனக்கு வயிற்று ஸ்கேனிலிருந்து தொடங்கினார்கள். வலியில் துடித்துக்கொண்டிருந்தாலும் ஆதார் அட்டை நகலும், கர்ப்பப் பதிவு எண்ணும், படிவம் எஃப்-இல் கையெழுத்தும் கேட்டார்கள். கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சிறுநீரகத்தைப் பார்க்கும் ஸ்கேனாக இருந்தாலும் கர்ப்பிணிக்கு இந்தப் பதிவு உண்டு என்றார்கள். எரிச்சலாக இருந்தது, ஆனால் சட்டம் வந்த காரணம் தெரிந்ததால் கோபப்படவில்லை. பதிவு எண், ரத்த வகை, முந்தைய ஸ்கேன் அறிக்கைகள், கடைசி மாதவிலக்குத் தேதி எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வாசலுக்கு அருகில் வைத்திருந்தது அன்றைக்குத்தான் பயன்பட்டது. அந்தக் கோப்பில் எக்ஸ்ரே கணக்கு எழுதிய தாளும் இருந்தது. பணியிலிருந்த மருத்துவர் அதைப் பார்த்து, இதுவரை கருவுக்குச் சேர்ந்தது எவ்வளவு என்று விசாரிக்கும் வேலையில்லாமல் போயிற்று.

வலது சிறுநீரகத்தில் நீர் கோத்து வீங்கியிருப்பது ஸ்கேனில் தெரிந்தது. அதை வைத்துக் கல் என்று சொல்லிவிட முடியாது என்பதுதான் சிக்கல். வளரும் கருப்பை வலப்பக்கம் சற்றுத் திரும்பிக் கிடப்பதால் அந்தப் பக்கத்துச் சிறுநீர்க்குழாயை அழுத்தும். கடைசி மாதங்களில் பெரும்பாலான கர்ப்பிணிகளுக்கு வலியே இல்லாமல் வலது சிறுநீரகம் கொஞ்சம் வீங்கித்தான் இருக்கும். இதையும் கல்லால் வந்த வீக்கத்தையும் பிரித்தறிய, டாப்ளரைப் போட்டு, சிறுநீர்க்குழாயிலிருந்து சிறுநீர்ப்பைக்குள் நீர் பீச்சிக்கொண்டு வருவதைப் பார்த்தார்கள். இடப்பக்கம் சீராக வந்தது. வலப்பக்கம் வரவில்லை. கருப்பை அழுத்துவதாலும் வராமல் போகலாம் என்பதால் என்னை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி மறுபடி பார்த்தார்கள், அப்போதும் ஒன்றிரண்டுதான்.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிறுநீர்க்குழாயின் கீழ் முனையை வயிற்றின் மேலிருந்து பார்க்க முடியவில்லை, குழந்தையின் தலை மறைக்கிறது, உள்வழி ஸ்கேன் எடுத்தால் தெரியும் என்று மருத்துவர் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். கூச்சம் ஒரு பங்கு. உள்ளே கருவியைச் செலுத்தினால் கருப்பை வாய் திறந்து குறைப்பிரசவம் ஆகிவிடும் என்று யாரோ சொல்லிக் கேட்ட பயம் மூன்று பங்கு. அந்தக் கருவி கருப்பை வாயைத் தாண்டி உள்ளே போவதில்லை, கருப்பை வாயின் நீளத்தை அளப்பதற்கே அதைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பதை அவர் சொல்லியும் என் காதில் ஏறவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை.

வலிக்குப் பாராசிட்டமாலும் ஊசியும் கொடுத்தார்கள். வீட்டில் மிச்சமிருந்த டைக்ளோஃபெனாக் மாத்திரையைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று என் அம்மா கேட்டதற்கு, இந்த மாதங்களில் அது குழந்தையின் இதய ரத்தக்குழாயையும் பனிக்குட நீரையும் பாதிக்கும், கூடவே கூடாது என்றார்கள். இரவு முழுதும் குளுக்கோஸ் ஏறியும் வலி அடங்கவில்லை, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்னும் கழிவு ரத்தத்தில் சற்று ஏறியிருந்தது. காலையில் சிறுநீரக அறுவை மருத்துவர் வந்தார். அடைப்பு இருந்தால் டிஜே ஸ்டென்ட் என்னும் மெல்லிய குழாயை உள்ளே வைக்க வேண்டும். கர்ப்பத்தில் அதில் உப்புப் படிவது வேகமாக நடக்கும் என்பதால் நான்கைந்து வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும். ஆகவே அடைப்பு இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாமல் கை வைக்க விரும்பவில்லை என்றார். அவர் பேசியதில் எனக்குப் பிடித்தது இதுதான்: “படம் எடுத்தால் நான் செய்யப்போவது மாறும். மாறாது என்றால் எடுக்கச் சொல்ல மாட்டேன்.” அன்று முதல் எந்த மருத்துவர் எந்தப் பரிசோதனை எழுதினாலும், இதன் முடிவு இப்படி வந்தால் என்ன செய்வீர்கள், அப்படி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிடுகிறேன். ஒருவரும் கோபித்துக்கொண்டதில்லை.

எம்ஆர்ஐ எடுக்க முடிவாயிற்று. அதிலும் கதிர் கிடையாது, காந்தமும் ரேடியோ அலையும்தான். கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் அதனால் கருவுக்குத் தீங்கு நேர்ந்ததாகத் தெரியவில்லை. கவனிக்க வேண்டியது நரம்பில் செலுத்தும் கான்ட்ராஸ்ட் மருந்தை. எம்ஆர்ஐக்குப் பயன்படும் காடோலினியம் நஞ்சுக்கொடியைக் கடந்து போய், பனிக்குட நீரில் கலந்து, குழந்தை அதை விழுங்கி வெளியேற்றி மறுபடி விழுங்கி என்று உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. முதல் மூன்று மாதங்களில் சாதாரண எம்ஆர்ஐ எடுத்தவர்களின் குழந்தைகளுக்குக் கேடு கூடவில்லை, காடோலினியம் ஏற்றியவர்களுக்குக் குழந்தை இறந்து பிறப்பதும் பிறந்த பின் தோல், மூட்டு அழற்சி நோய்கள் வருவதும் கூடுதலாக இருந்தன என்பது அதன் முடிவு. எனக்கு எழுதிய சீட்டில் ‘கான்ட்ராஸ்ட் இல்லாமல்’ என்று மருத்துவரே அடிக்கோடிட்டிருந்தார். இருந்தும், எம்ஆர்ஐ மையத்தில் அவசரமாக வந்த இன்னொரு நோயாளியின் சீட்டும் என் சீட்டும் ஒரே அட்டையில் செருகப்பட்டிருந்ததைப் பார்த்ததால், ஊசி எதுவும் போடுவீர்களா என்று உள்ளே போகுமுன் நானும் ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது என்றார்கள். தோடு, மூக்குத்தி, மெட்டி, கொண்டை ஊசி, புடவையில் இருந்த ஊக்கு எல்லாம் போயிற்று. தாலிக்கொடி என்றதும் அத்தை பதறிவிட்டார்கள். அங்கிருந்த தொழில்நுட்பப் பெண்ணுக்கு இது அன்றாடக் காட்சி போலும், “மஞ்சள் கயிறு கொண்டுவந்திருக்கிறீர்களா அம்மா?” என்று கேட்டார். கொண்டுவரவில்லை. எதிர்க் கடையில் கயிறும் மஞ்சள் கிழங்கும் வாங்கிவந்து, காத்திருப்போர் அறையில், என் கணவரை விட்டே கட்டவைத்துவிட்டு, அதன் பிறகுதான் கொடியைக் கழற்ற விட்டார்கள். வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஜிகினாக் கம்பி சுற்றியவற்றை மட்டும் எடுக்கச் சொன்னார்கள். கர்ப்பிணியை எம்ஆர்ஐக்கு அழைத்துப் போகிறவர்கள் ஒரு மஞ்சள் கயிற்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனால் அரை மணி நேரம் மிச்சம்.

மல்லாந்து படுத்தால் கருப்பையின் கனம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தி மயக்கம் வரும் என்பதால், வலப்பக்கம் முதுகுக்குக் கீழே தலையணை வைத்து இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். காதுக்குள் பஞ்சு போன்ற அடைப்பானும் அதன் மேல் ஒரு ஹெட்போனும். இயந்திரம் இரும்புப் பட்டறை மாதிரி இடித்தது. குழந்தை உதைத்தது, சத்தத்துக்கா வழக்கமாகவா என்று தெரியாது. பயமாக இருந்தால் அழுத்த ஒரு ரப்பர்ப் பந்து கையில் கொடுத்திருந்தார்கள். அழுத்தவில்லை. 25 நிமிடம், 7500 ரூபாய்.

எம்ஆர்ஐயில் கல் நேராகத் தெரியாது. வெள்ளையாகத் தெரியும் சிறுநீருக்குள் ஒரு கருப்புப் பொட்டாகத்தான் தெரியும் என்றார்கள். கருப்பை அழுத்தும் இடத்தில் குழாய் மெல்ல மெல்லக் குறுகியிருந்தால் அது கர்ப்பத்தின் இயல்பான வீக்கம். எனக்கோ அதற்குக் கீழேயும் குழாய் வீங்கி, சிறுநீர்ப்பைக்கு மிக அருகில் சட்டென்று நின்றிருந்தது. குடல்வால் இயல்பாக இருந்தது. கருப்புப் பொட்டு கல்தானா, அளவு என்ன என்பதை உறுதிசெய்ய மருத்துவர் மறுபடியும் அதே உள்வழி ஸ்கேனைச் சொன்னார். இந்த முறை ஒப்புக்கொண்டேன். ஒரு பெண் உதவியாளர் உடன் இருந்தார், நான்கு நிமிடத்தில் முடிந்தது, வலி என்று சொல்ல ஒன்றும் இல்லை. 5 மில்லிமீட்டர் கல், சிறுநீர்ப்பையின் வாசலில். முந்தைய இரவே ஒப்புக்கொண்டிருந்தால் 7500 ரூபாயும் ஒரு நாள் வலியும் போயிருக்காது என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொள்கிறேன்.

அவ்வளவு கீழே இறங்கிவிட்ட சிறு கல் தானாகவே வெளியேற வாய்ப்பு அதிகம், காய்ச்சல் இல்லை, ஆகவே ஸ்டென்ட் வேண்டாம் என்று முடிவானது. ஐந்தாம் நாள், சிறுநீரைப் பிடித்த வடிகட்டியில் கல் விழுந்தது.

எடுக்காமல் விட்ட சிடி ஸ்கேனைப் பற்றி அறுவை மருத்துவரிடம் கேட்டேன். அவர் அதை எதிரியாகப் பேசவில்லை. எனக்குக் கடுங்காய்ச்சல் இருந்து, எம்ஆர்ஐ இல்லாத ஊரில் நள்ளிரவில் மாட்டியிருந்தால், கதிரைக் குறைத்து சிடி எடுத்திருப்பேன், ஒரு நொடி தயங்கியிருக்க மாட்டேன் என்றார். அடைபட்ட சிறுநீரகத்தில் சீழ் பிடித்தால் தாய் போய்விடுவாள், தாய் போனால் குழந்தையும் இல்லை. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: முதலில் ஒலி ஸ்கேன், எம்ஆர்ஐ, அவை போதாதபோது, அல்லது உடனே கிடைக்காதபோது, தேவையான எக்ஸ்ரேயையோ சிடியையோ கர்ப்பம் என்பதற்காக மறுக்கக்கூடாது. திடீர் மூச்சுத்திணறலில் நுரையீரலில் ரத்தக்கட்டு என்று சந்தேகம் வந்தால் எடுக்கும் நெஞ்சு சிடியில், சிடிக்கான கான்ட்ராஸ்ட் மருந்தான சாயத்தை ஏற்றினாலும், கருவுக்குச் சேரும் கதிர் 1 மில்லிகிரேகூட இருக்காது. ‘சிடி’ என்ற பெயர் ஒன்றாக இருந்தாலும் வயிற்றுக்கு எடுப்பதும் நெஞ்சுக்கு எடுப்பதும் கருவைப் பொறுத்தவரை வேறு வேறு. சாயத்தில் அயோடின் இருப்பதால் பிறந்த குழந்தைக்குத் தைராய்டு பரிசோதனை செய்யவேண்டும். அதைத்தான் இப்போது பல மருத்துவமனைகளில் எல்லாக் குழந்தைகளுக்கும் செய்கிறார்களே. எங்கள் பள்ளியில் ஓர் ஆசிரியை, கர்ப்பத்தில் எக்ஸ்ரே ஆகாது என்று பல் வலியை ஐந்து மாதம் பொறுத்துக் கன்னம் வீங்கி மருத்துவமனையில் சேர்ந்தார்; பல்லுக்கு எடுக்கும் படத்தில் கருவுக்குப் போவது அளந்தாலும் தெரியாத அளவு. முற்றிலும் தள்ளிவைக்க வேண்டியது என்று நான் அறிந்துகொண்டது, தைராய்டுக்காகக் கதிரியக்க அயோடின்-131 கொடுத்துச் செய்யும் பரிசோதனையும் சிகிச்சையும்தான். அது நஞ்சுக்கொடி வழியே போய்க் குழந்தையின் தைராய்டிலேயே தங்கிவிடும்.

2023 பிப்ரவரியில் மகள் பிறந்தாள். மே மாதம், மிச்சக் கல் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க, கர்ப்பத்தில் எடுக்காமல் விட்ட அதே சிடி கேயூபியை மருத்துவர் எழுதினார். பால் கொடுக்கும் தாய் எக்ஸ்ரேயோ சிடியோ எடுத்தால் பாலில் எதுவும் தங்காது. சாயம் ஏற்றினாலும்கூடப் பாலைப் பீய்ச்சிக் கொட்ட வேண்டியதில்லை என்றார். ஆனால் பிரசவத்துக்குப் பின் எனக்கு இன்னும் மாதவிலக்கு திரும்பவில்லை. பால் கொடுக்கிறோம், கரு தங்காது என்று நம்பி இருப்பவர்களுக்குத் தங்கியதும் உண்டு. சிடி அறையில் அந்தப் பையன் படிவத்தைப் பார்த்துக்கொண்டே, “கடைசி பீரியட் எப்போ அக்கா?” என்று கேட்டபோது, தேதி சொல்ல முடியாது, முதலில் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள் என்றேன். பத்து நிமிடம் ஆயிற்று. ஒரே கோடு. படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்ததும், பசியில் அழுதுகொண்டிருந்தவளை வாங்கி அங்கேயே உட்கார்ந்து பால் கொடுத்தேன்.